கடலோர அரண்மனையில் சம்பந்தியும் நானும்

பெரம்பலூர் மாவட்டத்தில் மழை வேண்டாம் என்று நினைக்கிற ஒரே சாதி சிமெண்ட் கடைக்காரர்கள்தான். மக்காச்சோளம் போட்டவன், சின்ன வெங்காயம் நட்டவன், பருத்தி விதைத்தவன் எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கும்பிடும்போது நாங்கள் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். கோடை முழுக்கத் தேவைக்கு மேல் மூட்டை இறக்குவோம். கோடவுனில் இடம் பற்றாமல் வீட்டு வராந்தாவிலும் அடுக்கி, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வோம். எல்லாம் எதற்கு? அதிகமாகச் சரக்கு எடுத்தால் வருஷக் கடைசியில் கம்பெனி எங்களை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும்.

இந்த முறை பாலித் தீவு. கடலோரத்தில் அரண்மனை மாதிரியே கட்டிய ஒரு ஹோட்டல். செல்போனுக்கு வந்த படத்தில் ஒரு தென்னைமரமும், அதன் கீழே என் கடைப் பெயரும், 'ராஜாவாக வாழுங்கள்' என்ற வாசகமும் இருந்தன. நான் படத்தைப் பார்க்கவில்லை. கூட வருகிற டீலர்களின் பெயர்களைப் பார்த்தேன். வேப்பந்தட்டை தங்கவேல் என்று இருந்தது. அவர் என் சம்பந்தி. என் மகள் கவிதாவை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். எங்களுக்குள் பல மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். எங்கள் புதுவீட்டு கிரகப்பிரவேசத்துக்குத் தெருமுனையில் வைத்தது. ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் சொந்தக்காரர்களின் போட்டோக்களை மொத்தமாக அனுப்பிவிட்டு, நான் சமையல்காரரோடு சாம்பார் தகராறில் இறங்கிவிட்டேன். அவர் என் மைத்துனனை மேலே பெரிதாக, கோட்டு சூட்டு மாட்டிவிட்டுப் போட்டார். சம்பந்தியைக் கடைசி வரிசையில், பால்பல் விழுந்த பொடிசுகளுக்கு நடுவில், கட்டைவிரல் அளவுக்குப் போட்டுவிட்டார். சம்பந்தி குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார். பந்தியில் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுக்கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ் உண்டு. யார் படம் எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஊரில் மரியாதையை அளப்பார்கள்.

இப்போது கவிதாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அதற்குப் பெண்ணைப் பெற்றவர்கள் வெற்றிலை பாக்குப் பழத்தோடு தட்டு கொண்டுபோய் மாமனாரிடம் கேட்க வேண்டும். அவர் கைநீட்டித் தட்டை வாங்கினால்தான் அனுமதி. நாங்களும் போனோம். வாசலில் அவர் செருப்பு கிடந்தது. அவர் வண்டி நின்றது. உள்ளே அவர் பார்க்கிற செய்தி சேனல் ஓடியது. சம்பந்தியம்மா கதவருகே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவுரு வெளியில போயிருக்காருங்க." தட்டோடு திரும்பிவிட்டோம். கவிதா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் நான் பெட்டி கட்டும்போது என் மனைவி கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பருப்புப்பொடி, ஊறுகாய், முறுக்கு, கூடவே குங்குமச்சிமிழ் எல்லாவற்றையும் உள்ளே திணித்தாள்.

"கடலு எங்கயும் போயிடாது. அவருதான் போயிடுவாரு. பேசி முடிக்காம வராதீங்க" என்றாள்.

முதல் நாள். அரண்மனை வாசலில் பஸ் நின்றதும் ஒருவர் பெரிய வெண்கலச் சேகண்டியை அடித்தார். பட்டு உடுத்திய இருவர் தங்கச் சரிகைக் குடை பிடித்தார்கள். பெண்கள் பூத்தூவி, ஆளுக்கொரு பூவை எங்கள் காதில் செருகினார்கள். ஊரில் காதில் பூ சுற்றுகிறார்கள் என்றால் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம். இங்கே அதை இவ்வளவு மரியாதையாகச் செய்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். சம்பந்தியின் காதிலும் வெள்ளைப் பூ. முறுக்கு மீசையோடு அது சேரவில்லை. நான் சிரித்துவிடாமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டேன்.

உள்ளே வானுயரத் தூண்கள், சிங்கமுகம், தாமரைக்குளம். வேறு சுற்றுலாக்காரர்கள் இதையெல்லாம் போட்டோ எடுப்பார்கள். எங்கள் டீலர்கள் நேராகத் தூணிடம் போய் விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு தூண்.

"கல்லு இல்லப்பா. காங்கிரீட்டு. மேல டெக்ஸ்சர் பெயிண்ட் அடிச்சிருக்கான்."

"பூச்சு ஒழுங்கா இல்ல. இந்தா பாரு, மயிர்க்கோடு ஓடுது. தண்ணி ஊத்தி நனைச்ச க்யூரிங் பத்தல."

வரவேற்பு மேஜைப் பெண் பயந்துபோய் யாருக்கோ போன் செய்தாள். பல தலைமுறை ஆண்ட அரசர்களின் வாழ்வை அனுபவியுங்கள் என்று சுவரில் எழுதியிருந்தது. கட்டடத்துக்கு வயது பத்துகூட இருக்காது என்று அரியலூர் டீலர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். ஊரிலிருந்து இத்தனை தூரம் பறந்து வந்து எங்கள் சரக்கையே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கம்பெனியின் டூர் மேனேஜர் சென்னைப் பையன். நல்லவன். எனக்கும் சம்பந்திக்கும் சேர்த்து ஒரே சாவியை நீட்டினான்.

"நீங்க ரெண்டு பேரும் சம்பந்திங்கன்னு கேள்விப்பட்டேன் சார். அதான் ஸ்பெஷலா ஒரே ரூம் போட்டேன். கடல் பாத்த ரூம் சார்."

அவன் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த வெளிச்சம் இருந்தது.

அறையைத் திறந்தோம். கட்டில் ஒன்றே ஒன்று. மேலே வலைத்திரை. மெத்தை நடுவில் ரோஜா இதழால் இதயம் வரைந்து, துண்டில் செய்த இரண்டு அன்னங்களை மூக்கோடு மூக்கு உரசவிட்டு வைத்திருந்தார்கள். சம்பந்தி அன்னங்களை உற்றுப் பார்த்தார். ஒன்றைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். பிறகு குளியலறையைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். நாலு பக்கமும் கண்ணாடி. கட்டிலில் படுத்தபடியே தொட்டியில் குளிப்பவரைப் பார்க்கலாம். எந்த நாட்டு அரசன் இப்படிக் குளித்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. வீட்டில் இல்லை என்று சொல்ல முடியாத இடத்துக்குச் சம்பந்தி வந்து சேர்ந்துவிட்டார்.

ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. எங்கள் அறைக்கென்று ஒரு சேவகரை நியமித்திருந்தார்கள். பெயர் வாயான். நடு வயது, எப்போதும் கூப்பிய கை, எப்போதும் சிரிப்பு. தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. சம்பந்திக்கு அவர்தான் தூதர்.

"தம்பி, அந்த ஏசியக் கொறைக்கச் சொல்லு அவர" என்பார், என்னைப் பார்க்காமல்.

நானும் விடவில்லை. "வாயான், ரிமோட்டு அவருகிட்டதான் இருக்குன்னு சொல்லுங்க."

வாயான் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்து, வணங்கி, கொஞ்ச நேரத்தில் இரண்டு இளநீரோடு வருவார். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் இருந்த தீர்வு இளநீர்தான். பிறகு நாங்கள் திரையைக் கட்டிலின் நடுவில் இழுத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள் காலை உணவு. ஒரு மண்டபம் நிறைய உணவு இருந்தும் டீலர்கள் முகத்தில் பசி. சோறு வறுத்து மேலே முட்டை வைத்திருந்தார்கள். தேங்காய் மணத்தோடு மிளகாய்ச் சட்னி மாதிரி ஒன்று இருந்தது, அது பரவாயில்லை. 'இந்தியன் கார்னர்' என்று ஒரு மேஜையில் இட்லி இருந்தது. ஒருவர் அதையும் விரல்முட்டியால் தட்டிப் பார்த்து, "இதுல க்யூரிங் ஜாஸ்தி" என்றார். நான் பருப்புப்பொடி டப்பாவைத் திறந்ததும் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. சம்பந்தி எட்டத்தில் உட்கார்ந்து வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். டப்பாவை வாயானிடம் கொடுத்து அவர் பக்கம் காட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டார். மூடியை அழுத்தி மூடித் திருப்பி அனுப்பினார்.

கடற்கரையில் ஒரு வழிகாட்டி எங்களை நிற்கவைத்து, இந்தக் கடல் எவ்வளவு பழமையானது, இதன் சிப்பிகள் எவ்வளவு அரியவை என்று ஆங்கிலத்தில் விளக்கினார். மேனேஜர் மொழிபெயர்த்தான். சம்பந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அவருகிட்டச் சொல்லு. எங்க ஊரும் ஒரு காலத்துல கடலுதான். அரியலூரு சுரங்கத்துல தோண்டுனா இன்னைக்கும் கிளிஞ்சலு வரும். நாங்கதான் அத அரைச்சு, சிமெண்ட்டு மூட்ட கட்டி வித்துட்டோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் என் கையை மட்டும் கவனித்தார் என்று தோன்றியது.

அன்று மத்தியானம் அறைக்குத் திரும்பும்போது பேட்டரி வண்டி மேட்டில் நின்றுவிட்டது. அந்த அரண்மனையில் சோற்றுக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு கிராமத்துத் தூரம். வண்டிக்காரர் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே நேரத்தைக் கடத்தினார். இறங்கினோம். எங்களைத் தவிர யாரும் இல்லை. சம்பந்தி ஒரு பக்கம் தோள் கொடுத்தார், நான் மறுபக்கம்.

"நியூட்ரல்ல போடச் சொல்லு" என்றார் பொதுவாக.

"போட்டாச்சு" என்றேன் பொதுவாக.

தள்ளினோம். சட்டை நனைந்தது. மேடு ஏறியதும் இருவரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பட்டு உடுத்திய இருவர் ஓடிவந்து எங்கள் தலைக்குக் குடை பிடித்துவிட்டார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார். மரியாதை சில நேரம் இப்படித்தான் காரியத்தைக் கெடுக்கும்.

சாயங்காலம் கவிதா போன் செய்தாள். அறையில் சம்பந்தி டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, மாமாகிட்டப் பேசுனீங்களா?"

"பேசிடுவேன்டா."

"எனக்கு இங்க ஒண்ணும் கொறையில்லப்பா. அத்த நல்லாத்தான் பாத்துக்குறாங்க. ஆனா பயமா இருக்கு. அம்மாகிட்ட இருக்கணும் போல இருக்குப்பா."

இங்கே கடல் நன்றாக இருக்கிறது என்று சம்பந்தமில்லாமல் எதையோ சொன்னேன். சம்பந்தி டிவி சத்தத்தைக் கூட்டினார். சற்று நேரம் கழித்து பால்கனிக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டார். கண்ணாடிக் கதவை மூட மறந்துவிட்டார்.

"புள்ள சாப்புட்டாளா? ஏன் மொகம் வாடியிருக்குன்னு கேட்டியா? மாதுளம்பழம் தீந்துபோச்சுன்னா டவுனுக்குப் போயி வாங்கியாறச் சொல்லு நம்ம பயல."

இவர் கல் இல்லை என்று அப்போது தெரிந்தது. நாலு பேர் பார்க்கப் போன மரியாதை நாலு பேர் பார்க்கத் தட்டாக வராமல் அவரால் இறங்கிவர முடியவில்லை. தட்டுக்கு நான் எங்கே போவேன்? பழக்கூடை அறையிலேயே இருந்தது. குங்குமம் பெட்டியில் இருந்தது. வெற்றிலை பாக்கு இல்லாமல் தட்டு ஏது?

மூன்றாம் நாள் காலை. பாலியில் தினமும் வாசலில் தென்னங்குருத்தில் பின்னிய சிறு தட்டில் பூ வைத்துப் படைக்கிறார்கள். அதைத் தாண்டித்தான் அரண்மனைக்குள் நாம் நடக்க வேண்டும். அன்று ஒரு பெண் அதை வைத்து, ஊதுபத்தி ஏற்றி, தண்ணீர் தெளித்துவிட்டுப் போனாள். குனிந்து பார்த்தேன். பூவுக்கு அடியில் ஏதோ பச்சையாக மடித்துச் செருகியிருந்தது. மூக்கை வைத்து மோந்தேன். வெற்றிலை! சாமிக்கு வைத்ததைத் தொடக் கூடாது என்று கையை இழுத்துக்கொண்டேன். வாயான் ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டார். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

செல்போனில் வெற்றிலைப் படத்தைக் காட்டினேன். மொழிபெயர்ப்புச் செயலியில் பேசினேன். அது அவர் மொழியில் என்ன சொன்னதோ, அவர் கண் விரிந்தது. அவர் திருப்பிப் பேசியதை அது தமிழில் சொன்னது: "எங்கள் வீட்டுக் கொடியில் நிறைய இருக்கிறது. நீங்கள் யாரைத் திருமணம் செய்துகொள்ளக் கேட்கப்போகிறீர்கள்?"

யாரையும் இல்லை, மகளைக் கேட்கப்போகிறேன் என்றேன். அவர் இன்னும் குழம்பினார். பிறகு நிதானமாக, என் மகள், அவர் மருமகள், வயிற்றில் பிள்ளை, அழைத்துப்போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வாயான் உள்ளே கண்ணாடிக்கு அப்பால் தலை துவட்டிக்கொண்டிருந்த சம்பந்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு நாளாக இளநீர் சுமந்ததன் காரணம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ராஜ விருந்து. அந்த வருஷம் அதிகமாகச் சரக்கு எடுத்த டீலரை அரசராக வேடம் போட்டுச் சிம்மாசனத்தில் உட்கார வைப்பார்களாம். அந்த டீலர் என் சம்பந்தி. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவர் போன வேகத்தை நான் பார்த்தேன். திரும்பி வந்தபோது இடுப்பில் சரிகைப் பட்டு, தோளில் துண்டு, முதுகில் குத்துவாள், தலையில் பொன்வண்ணக் கிரீடம். மீசை இப்போதுதான் பொருந்தியிருந்தது. போட்டோக்காரர் அசையக் கூடாது என்று கட்டளை போட்டிருந்தார். வாயான் பின்னால் குடை பிடித்து நின்றார்.

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அறைக்கு ஓடினேன். வெள்ளிமுலாம் தட்டில் வாழைப்பழம், மங்குஸ்தான், வாயான் மனைவி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்த வெற்றிலை, கூடவே அனுப்பிய கொட்டைப்பாக்கு, குங்குமச்சிமிழ், ஹோட்டல்காரர்கள் காதில் வைத்த வெள்ளைப் பூ எல்லாவற்றையும் அடுக்கினேன். பேன்ட்டைக் கழற்றி வேட்டி கட்டிக்கொண்டேன். சேகண்டிக்காரர் என்ன நினைத்தாரோ, நான் உள்ளே நுழைந்ததும் ஓங்கி ஒரு அடி அடித்தார். டீலர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எல்லோருக்கும் ஃப்ளெக்ஸ் கதை தெரியும்.

"சம்பந்தி, எம் மவளுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு போட்டு வூட்டுக்கு அழைச்சிட்டுப் போகலாம்னு ஒங்களக் கேக்க வந்திருக்கேன். நீங்க மனசு வைக்கணும்."

அவர் அசையவில்லை. போட்டோக்காரர் சொன்னதற்காகவா, கோபமா என்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் வாயான் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அவர ஒண்ணு கேளு..."

பாதியிலேயே என் பக்கம் திரும்பினார். என்னையே பார்த்தார்.

"ஏன் சம்பந்தி, பல்லு விழுந்த பயலுவ வரிசையிலயா என்னயப் போடுவீங்க? டீக்கடையில ஒவ்வொருத்தனும் கேக்குறான். சம்பந்தி வூட்டுல ஒனக்கு அவ்வளவுதானாடான்னு. ஒங்க வூட்டுப் புள்ளைய நான் தங்கமா வச்சிருக்கேன். என்னய நீங்க எங்க வச்சீங்க?"

கிரீடத்துக்குக் கீழே அவர் கண் கலங்கியிருந்தது. கட்டைவிரல் அளவுப் படம் ஒரு மனுஷனை இவ்வளவு நோகடிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பார்க்கத் தாங்கவில்லை.

"கடைக்காரன் பண்ணுன வேல சம்பந்தி. நான் பாத்திருக்கணும். இனிமே எங்க வூட்டு ஃப்ளெக்ஸுல ஒங்களுக்கு மேல யாரும் கெடையாது."

அவர் தட்டைப் பார்த்தார். ஒரு வெற்றிலையைத் தொட்டு, காம்பைக் கிள்ளி மோந்து பார்த்தார்.

"ஏது வெத்தல?"

"இந்தத் தம்பி வூட்டுக் கொடி."

சம்பந்தி எழுந்தார். போட்டோக்காரர் கத்தினார். அரசர் அதைக் காதில் வாங்காமல், தோள்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினார். டீலர்கள் விசிலடித்தார்கள். வாயான் குடையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இளநீர் கொண்டுவர ஓடினார்.

நாலாம் நாள் விமானத்தில் சம்பந்தி ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார். அரண்மனைத் தூணில் விரிசல் எந்தப் பக்கம் ஓடியது என்று வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம். இறங்கும் முன் மெதுவாக ஒன்று சொன்னார்: "அந்த கிரீடம் வச்ச போட்டோவ ஃபோனுக்கு அனுப்பியிருக்கேன். இருக்கட்டும்."

புரிந்துகொண்டேன். இந்த முறை ஃப்ளெக்ஸ் கடையில் நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். வளைகாப்பு அன்று வேப்பந்தட்டையில் அவர் தெருமுனையில், சிம்மாசனத்தில் கிரீடமும் குத்துவாளுமாக, மின்கம்ப உயர ஃப்ளெக்ஸில் சம்பந்தி வீற்றிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எந்தக் கட்சி என்று விசாரித்தார்கள். கவிதா சிரித்துச் சிரித்து, வளையல் குலுங்க வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாடு முடிந்து அவள் எங்கள் காரில் ஏறும்போது, சம்பந்தியே ஒரு பை நிறைய மாதுளம்பழம் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

கார் தெருமுனைக்கு வந்தபோது அவர் காருக்குப் பக்கத்திலேயே நடந்து வந்திருந்தார். ஃப்ளெக்ஸின் கீழே நின்று தன் படத்தை ரசித்தார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். கடைசி வரிசையில், பொடிசுகளுக்கு நடுவில், கட்டைவிரல் அளவில் நான் இருந்தேன்.

வெகுநேரம் பார்த்தார். கார் ஜன்னலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாம் சம்பந்தி."

"ஒங்களதயா?"

"யோவ், ஒங்களத."